மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம்

நம் நாடு முழுவதற்கும் அதிவேக ரயில் பாதை போட வேண்டுமா என்பது மகளின் பள்ளியில் வைத்த விவாதப் போட்டியின் தலைப்பு. அவளுக்குக் கிடைத்தது 'வேண்டும்' என்ற பக்கம். 'வேண்டாம்' என்ற பக்கத்துக்கு எங்கள் வீட்டிலேயே ஆள் இருந்தது. நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

கல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு. லோக்கல் வண்டி போகும்போது சமையலறையில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசும். அந்தச் சத்தத்துக்கு நடுவே ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் இருவரும் வாதாடுவோம்.

"புல்லட் ரயிலுக்குக் கொட்டற பணத்துல நாட்டுல இருக்கிற லெவல் கிராசிங் கேட்டை எல்லாம் எடுத்துட்டுப் பாலம் கட்டலாம்" என்பேன்.

"அப்பா, அதிவேகப் பாதையில கேட்டே கிடையாது. எல்லாம் தூணுக்கு மேல. உங்க பிரச்சினையும் தீர்ந்துச்சு."

"யாருக்குத் தீர்ந்துச்சு? மேல போறவனுக்கு. கீழ இருக்கிற கேட் கீழயேதான் இருக்கும்."

"தூர்!" என்பாள். எதிரில் இருப்பவரின் பேச்சைத் தூக்கி எறிய வங்காளிப் பிள்ளைகளிடம் இருக்கும் ஒற்றைச் சொல் அது. அவளுக்குத் தமிழைவிட அது சுலபமாக வரும்.

கீழ்வீட்டில் ஒரு வங்காளிப் பெரியவர் இருக்கிறார். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் அவரை 'ஜேட்டு' என்று அழைப்பாள். அவர்கள் வழக்கில் பெரியப்பா. அவருக்கு ஜப்பான் என்றால் உயிர். போனதில்லை, வகுப்பில் படம் போட்டுக் காட்டியதோடு சரி. மாலையில் டீக்கடையில் என்னைப் பார்த்தால் 'மோஷாய்', அதாவது ஐயா, என்று கூப்பிட்டு வம்புக்கு இழுக்காமல் விடமாட்டார்.

"சிக்னல் மோஷாய், உங்க வேலையே வண்டியை நிறுத்தறதுதானே? ஓடறதைப் பத்தி உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்?"

கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு வழக்கமான என் பதிலைச் சொல்வேன்: நிறுத்தத் தெரியாதவன் ஓட்டக் கூடாது, மோஷாய்.

போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு காலையில், பள்ளிக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் சீப்போடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இடது பக்கம் குத்துகிறது என்றாள். வாயு என்று நினைத்து மனைவி வெந்நீர் கொடுத்தாள். மதியத்துக்குள் மருத்துவமனையில் இருந்தோம். நுரையீரலின் மேல் நுனியில் சோப்புக் குமிழி போல ஒன்று இருந்து வெடித்திருக்கிறது, காற்று வெளியே கசிந்து நுரையீரலை அமுக்கியிருக்கிறது என்றார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் வைத்து அந்தக் காற்றை எடுத்தார்கள். பதினாறு வயதுப் பெண். உயரமாய், ஒல்லியாய் இருக்கும் பிள்ளைகளுக்கு இப்படி வருவது உண்டாம். அவள் உயரம் பற்றி அதுவரை எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னும் குமிழிகள் இருந்தன. அறுவை செய்து அகற்ற வேண்டும். அதில் கைதேர்ந்த ஒருவர் வேலூரில் இருக்கிறார் என்று இங்குள்ள மருத்துவரே எழுதிக் கொடுத்தார், நாளும் வாங்கிக் கொடுத்தார். "ஆனா அறுவை முடியற வரைக்கும் பிளேன்ல ஏத்தாதீங்க. மேலே போனா குமிழி பெரிசாகும். ரயில்ல கூட்டிட்டுப் போங்க. வழியில வலி வந்தா பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் நடையில் நின்று மகள் சொன்னாள்: "அப்பா, எனக்கு ஒரு பாயிண்ட் கிடைச்சிடுச்சு. பிளேன்ல ஏற முடியாதவங்க இருக்காங்க. ஒன்றரை நாள் ரயில்ல உட்கார முடியாதவங்களும் இருக்காங்க. ரெண்டுமே முடியாதவங்களுக்கு இந்த நாட்டுல என்ன இருக்கு?"

"முதல்ல மூச்சை விடு. அப்புறம் பாயிண்டை விடு" என்றாள் மனைவி.

நான் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அந்த வாரம் ஹவுரா பக்கத்தில் ஒரு யார்டில் புதிய சிக்னல் முறையை இயக்கத்துக்குக் கொண்டுவரும் வேலை. அதற்குப் பொறுப்பு நான், மாற்று ஆள் கிடைக்கவில்லை. ஆகவே ஏற்பாடு இப்படி ஆயிற்று: மனைவியும் மகளும் ரயிலில் போவார்கள். மறுநாள் வேலையை முடித்துவிட்டு நான் விமானத்தில் சென்னை போய், அங்கிருந்து காரில் வேலூர் போவேன். அவர்களுக்குப் பின்னால் கிளம்பிக் கிட்டத்தட்ட அவர்களோடு சேர்ந்து போய்ச் சேரலாம் என்பது கணக்கு. இதைச் சொன்னபோது மகள் கையைத் தட்டினாள். "பார்த்தீங்களா, நீங்களே பிளேன்ல போறீங்க. ரயில்வேக்காரர்!"

ஹவுராவிலிருந்து தெற்கே போகும் அந்த வண்டியில் பாதிப் பேர் வேலூருக்குப் போகும் நோயாளிகள். எக்ஸ்ரே உறை, பொரி டப்பா, தலையணை, கூடவே அழாமல் இருக்கப் பழகிய ஒரு உறவுக்காரர். எதிர் இருக்கையில் ஒரு வங்காளி அம்மாள் சிறுநீரகக் கோளாறுள்ள கணவரை அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். மனைவி மகளிடம் தமிழில் பேசுவதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தீதி, நீங்க தமிழா? அப்போ அங்க எங்களுக்கும் நீங்கதான் பேசணும்" என்று அக்கா முறை வைத்துச் சொல்லிச் சந்தேஷ் இனிப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினார். வண்டி நகரும்போது மூன்று பேரும் எனக்குக் கையசைத்தார்கள். அந்தக் கணவர் மட்டும் கண்ணை மூடியிருந்தார்.

இங்கே எங்கள் குடும்பங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் மனைவியும் கரக்பூர் ரயில்வே காலனியில் அடுத்தடுத்த வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். என் அப்பா ரயில் கார்டு, அவள் அப்பா பணிமனையில். அந்தக் காலனியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: நடுவழியில் வண்டியை விட்டு இறங்காதே. புயலோ, வெள்ளமோ, மறியலோ, வண்டியோடு இரு. சோறும் வரும், தண்ணீரும் வரும், மெதுவாகவாவது ஊர் வரும். இறங்கிப் பஸ் பிடிக்கப் போனவர்கள் எங்கெங்கோ மாட்டிக்கொண்ட கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தன. அவசரப்பட்டு இறங்குகிறவர்கள் வெளியாட்கள், நாம் ரயில்வேக்காரர்கள் என்று எங்களுக்கு ஒரு மிதப்பு.

மறுநாள் காலையில் விசாகப்பட்டினத்திலிருந்து மனைவி பேசினாள். "நல்லா இருக்கா. இட்லி வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டா." அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்கு முன்பே வலி தொடங்கியிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. லேசான குத்தல் என்றுதான் மகள் சொல்லியிருக்கிறாள். விசாகப்பட்டினம் பெரிய ஊர். ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரிகள். மருத்துவர் சொன்னது மனைவிக்கு மறக்கவில்லை. ஆனால் இறங்குவது என்ற எண்ணமே அவளுக்குத் தோன்றவில்லை. ஒன்றரை நாள் வண்டியில் பாதி கடந்தாயிற்று, வேலூரில் நாள் காத்திருக்கிறது. இறங்கினால் யார் இருக்கிறார்கள்? வண்டியோடு இருந்தாள். நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த நினைப்புதான் இன்றுவரை என்னைத் தூங்க விடாதது.

யார்டு வேலை மதியத்துக்குள் முடிந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துவைத்துவிட்டு, வண்டி எங்கே வருகிறது என்று செல்போனில் பார்த்தேன். விசாகப்பட்டினத்தைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றிருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தேன். அங்கேயே. சாப்பிட உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அங்கேயே.

மனைவியை அழைத்தேன். மழை கொட்டும் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது. "ரொம்ப நேரமா நிக்குது. என்னன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. இவளுக்கு..." நிறுத்தினாள்.

"இவளுக்கு என்ன?"

"வலி இருக்கு."

"எப்பலேர்ந்து?"

வண்டி நிற்பதையே அவள் மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். "அவகிட்ட குடு" என்றேன்.

"அப்பா" என்றாள் மகள். பிறகு ஒரு மூச்சு. "ஒண்ணும் இல்லப்பா." இன்னொரு மூச்சு. "மெதுவா... பேசினா... சரியா இருக்கு."

போட்டிக்காக நான்தான் அவளுக்கு நிறுத்தி நிறுத்திப் பேசக் கற்றுக் கொடுத்திருந்தேன். வரிக்கு ஒரு இடைவெளி, முக்கியமான சொல்லுக்கு முன்னால் ஒரு இடைவெளி. இது அது இல்லை. இரண்டு சொல்லுக்கு மேல் அவளிடம் காற்று இல்லை.

என்னோடு பயிற்சியில் இருந்த ஒரு தெலுங்கு நண்பர் அந்தப் பகுதியில் வண்டிகளை நடத்தும் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். அவரைப் பிடித்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை இந்தியில் பேசினோம். முன்னால் ஒரு பாலத்துக்கு அருகே பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது, ஆட்கள் நடந்துபோய்ப் பார்க்கிறார்கள், அவர்கள் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை வண்டி நகராது என்றார்.

"என் பொண்ணு அதுல இருக்கா."

"அய்யோ. எந்தப் பெட்டி?"

சொன்னேன். விவரத்தையும் சொன்னேன். பிறகு, வேறு யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நான் எரிந்து விழுந்திருக்கக்கூடிய ஒன்றைக் கேட்டேன். "நடக்கிற வேகத்துல விட்டாப் போகாதா? தண்ணி எவ்வளவுதான் இருக்கும்?"

"நீயா கேக்கறே?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார்.

நான்தான் கேட்டேன். அந்த வண்டியில் எத்தனை பெட்டி, எத்தனை உயிர் என்று தெரிந்த நான். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு அந்த எதிர் இருக்கை அம்மாளும் இல்லை, அவர் கணவரும் இல்லை. ஒரே ஒரு ஆள்தான் வண்டியில் இருந்தாள்.

கதவு திறந்திருந்ததால் கீழ்வீட்டுப் பெரியவர் உள்ளே வந்துவிட்டார். என் சத்தம் கீழே கேட்டிருக்கிறது. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். கைகளைப் பிசைந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பில், "ஜப்பானா இருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பித்தார்.

"எழுந்திரிங்க" என்றேன். தமிழில் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. வாயை மூடிக்கொண்டு அங்கேயே இருந்தார். இன்று யோசித்தால் அதற்காக அவரை வணங்கத் தோன்றுகிறது.

மனைவியை மறுபடி அழைத்தேன். "இறங்கிடுங்க."

"என்னது?"

"இறங்கிடு. ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லி ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்றேன். கண்ட்ரோல்ல ஆள் இருக்கு. பக்கத்து டவுன்ல ஆஸ்பத்திரி இருக்காம்."

"பைத்தியமா உங்களுக்கு? கொட்டற மழையில, பேர் தெரியாத ஊர்ல! வண்டி இப்போ கெளம்பிடும். அடுத்து ராஜமுந்திரி. பெரிய ஊரு. அங்க இறங்கிக்கறேன்."

"எப்போ கெளம்பும்னு யாருக்கும் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா? நீங்க என்ன ரயில்வே?"

"தெரியாது."

அந்தப் பக்கம் வங்காளி அம்மாளின் குரல் கேட்டது. "தீதி, மகளோட உதடு பாருங்க, நீலமாகுது." சாமான்கள் இழுபடும் சத்தம், யாரோ ஒருவர் வழிவிடச் சொல்லிக் கத்துவது, பிறகு நேராக மழை.

தூக்கிக்கொண்டு இறங்கியது சக பயணிகள். வேலூருக்குப் போகும் வேறு நோயாளிகளின் மகன்கள், தம்பிகள். பெட்டியில் இருந்த கம்பளியோடு சேர்த்து அவளை ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மனைவியும் துண்டிக்கவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் மூச்சு விட்டேன்.

உடனே அது நின்றது.

"என்ன ஆச்சு?"

"கேட்டு" என்றாள் மனைவி. "கேட்டை மூடிட்டான்."

ஸ்டேஷனிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் ஒரு லெவல் கிராசிங். மணி அடிக்கும் சத்தம் எனக்கு டாக்குரியாவில் கேட்டது. எந்த வண்டிக்காக மூடியிருக்கிறார்கள் என்று கேட்கத் தேவையே இல்லை. பாதை சரி என்று எழுதி வந்துவிட்டது. அவர்கள் இறங்கிய வண்டி கிளம்பிவிட்டது.

"டிரைவர் இறங்கிப் போய்க் கேக்கறாரு. ஒரு நிமிஷம் தூக்க மாட்டானா? நீங்க யார்கிட்டயாவது சொல்லுங்களேன்! உங்க கேட்டுதானே இது!"

என் கேட்தான். வண்டிக்குப் பச்சை கொடுத்த பிறகு அந்தக் கேட்டை யாரும் திறக்க முடியாது. கேட் காப்பவர் மனது வைத்தாலும் முடியாது. பச்சையைத் திரும்பப் பெற்றாலும் பூட்டு உடனே விடாது, அதற்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறோம். ஒருவரின் பதற்றம் இன்னொருவரைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. அதை விளக்கி எத்தனையோ இளம் பொறியாளர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். மனைவியிடம் விளக்கவில்லை. "வண்டி போயிடும். இதோ போயிடும்" என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் வண்டி போகவில்லை, ஊர்ந்தது. தண்ணீர் ஏறிய பாதை அல்லவா, நடக்கிற வேகத்தில்தான் விடுவார்கள். நான் என் நண்பரிடம் கெஞ்சிய அதே வேகத்தில். பெட்டி பெட்டியாக அது ஆம்புலன்ஸுக்கு முன்னால் நகர்ந்தது. சக்கரம் தண்டவாள இணைப்பில் தட்டும் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக எனக்குக் கேட்டது. மனைவி அழ ஆரம்பித்தாள். "நம்ம பெட்டி போகுது. அந்த தீதி கண்ணாடிக்குள்ள இருந்து கையை ஆட்டறாங்க. அதுலயே இருந்திருக்கலாமே. பாவி, அதுலயே இருந்திருக்கலாமே..." பாவி என்றது என்னையா, தன்னையா, ரயிலையா என்று இதுவரை நான் கேட்கவில்லை.

மகளின் குரல் கிட்டத்தில் கேட்டது. "அப்பா... பாயிண்ட்." மூச்சு. "கேட் இல்லாத..." மூச்சு. மேலே வரவில்லை.

"பேசாதம்மா. நீ ஜெயிச்சுட்டே. பேசாத."

பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஜன்னலுக்கு வெளியே டாக்குரியாவில் ஒரு லோக்கல் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, ஏற்றிக்கொண்டு, நேரத்துக்குக் கிளம்பியது. தட்டுகள் உரசின.

கேட் திறந்தது. அந்தச் சின்ன டவுன் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மருத்துவர் அவளைப் பார்த்த மாத்திரத்தில் எதுவும் கேட்காமல் ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்றினார் என்றும், பிறகுதான் குழாய் வைத்தார் என்றும் அன்று மாலை மனைவி சொன்னாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று அவர் சொல்ல வந்ததை, போதும் என்று கைகாட்டி இவள் நிறுத்திவிட்டாளாம். அந்த வண்டி அதற்குப் பிறகு எங்கும் நிற்காமல் ராஜமுந்திரி போயிற்று என்று எனக்குத் தெரியும். நண்பரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சென்னை டிக்கெட்டை மாற்றி மறுநாள் காலை விசாகப்பட்டினத்துக்குப் பறந்தேன். காபி வந்தது, குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொன்னார்கள். அவர்கள் ஒரு ராத்திரி முழுக்கக் கடந்த தூரம். மேகம் விலகிய ஓர் இடத்தில் கீழே பாதை தெரிந்தது, பச்சையில் ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் தூண்கள் மேல் இன்னொரு கோடு ஓடினால் எப்படி இருக்கும் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன். அதில் மகள் போகலாம். போய்க்கொண்டே இருக்கலாம். அந்த வண்டியில் மகளை ஏற்ற எதை வேண்டுமானாலும் விற்பேன். ஆனால் பெட்டியிலிருந்து அவளைத் தூக்கி இறக்கியவர்களில் யாரும் அதில் இருக்கமாட்டார்கள். கீழே அந்தக் கேட் மூடித் திறந்துகொண்டிருக்கும், வேறு யாருடைய ஆம்புலன்ஸாவது நிற்கும். இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்தது. எந்தப் பக்கமும் அவள் மூச்சுக்கு உதவவில்லை.

வேலூர் நாள் போய்விட்டது. குழாயை எடுத்ததும், வேறு நாள் கிடைக்கும்வரை வீட்டில் இருக்கலாம் என்று, உடன் ஒரு நர்ஸை அமர்த்திக்கொண்டு, ரயிலிலேயே திரும்பினோம். விவாதப் போட்டியில் அவள் இடத்தில் வேறொரு பெண் பேசியிருக்கிறாள். 'வேண்டும்' கட்சிதான் வென்றது. செய்தி கேட்டு மகள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்று மனைவி அதட்டினாள்.

இப்போது புதிய நாள் கிடைத்திருக்கிறது. விமானம் கூடாது என்பதில் மாற்றமில்லை. போன வாரம் நானே உட்கார்ந்து பயணத்தைப் பிரித்தேன். முதல் நாள் புவனேஸ்வரம் வரை, இறங்கி ஒரு நாள் தங்குவது. அடுத்து விசாகப்பட்டினம், மறுபடி தங்கல். பிறகு விஜயவாடா, பிறகு வேலூர். ஒவ்வோர் ஊரிலும் எந்த ஆஸ்பத்திரி என்று பேசி வைத்தாயிற்று. கரக்பூர் காலனியில் யாராவது இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஊர் ஊராக இறங்கி இறங்கி, காசி யாத்திரை போவது போல ஒரு ரயில்வேக்காரன் வேலூருக்குப் போகிறான்.

"அப்பா, இது மாட்டுவண்டி ஸ்பீடு" என்றாள் மகள்.

கீழ்வீட்டுப் பெரியவர் ஜப்பானைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை. தானும் கூட வருகிறேன், விசாகப்பட்டினம் வரைக்குமாவது, என்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேற்று படுக்கப் போகும்போது மகள் கேட்டாள்: "வழியில எத்தனை கேட் இருக்குப்பா?"

"கரக்பூர் வரைக்கும் எனக்குத் தெரியும்" என்றேன்.

"அதுக்கப்புறம்?"

விளக்கை அணைத்தேன். அவள் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.